ஃபேமிலி ரூம் மாடியில்

"எஷ்டு ஜன?" என்றார் மஞ்சய்யா.
சட்டைப்பையில் கன்னடத்தில் பெயர் தைத்திருந்தது.
எழுத்துக்கூட்டும் அளவுக்கு
இந்த ஊர் என்னைத் தேற்றியிருக்கிறது.
ஒப்பம் போட்டுவிட்டு நேரே வந்தவள்
"ஒப்பளே" என்றேன். ஒருத்திதான்.

என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்,
யாராவது பைக்கை நிறுத்திக்கொண்டிருக்கிறார்களா என்று.
பிறகு படியைக் காட்டி
"ஃபேமிலி மேலே."
மேலே என்பது இரண்டு மொழியிலும் மேலேதான்.

வில்சன் கார்டனில்
குடும்ப நீதிமன்றத்திலிருந்து நடக்கிற தூரத்தில்
பாருக்கு சௌபாக்யா என்று பெயர் வைக்க
யாருக்கோ தோன்றியிருக்கிறது.
காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.
ஆறு மாதம் ஆறட்டும் என்று
கட்டைத் தள்ளி வைத்தார் நீதிபதி.
பசியை அப்படித் தள்ளி வைக்க முடியாதில்லையா.

மாடியில் ஏசி உண்டு.
கீழே குடிக்கும் அதே பீருக்கு
மேலே முப்பது ரூபாய் கூடுதல்,
குடும்பமாக இருப்பதற்கான கட்டணம்.
மீன் தொட்டியில் மீன் இல்லை, விளக்கு மட்டும் எரிகிறது.
எதிர் நாற்காலியில் ஹெல்மெட்டை உட்காரவைத்து
ஒரு பெண் சில்லி கோபி சாப்பிடுகிறாள்.
ஓரத்தில் ஒரு ஜோடி. பேசுவதைவிட
மெனு அட்டையைப் படிப்பது அதிகம்.
அப்படித்தான் ஆரம்பிக்கும்.
முடிவதும் அப்படித்தான்.
நான்கு மேசை தள்ளி இருந்து பார்த்தால்
எது எதுவென்று தெரிவதில்லை.

ஒரு பீர், ஒரு மசாலா கடலை.
மஞ்சய்யா இரண்டு தம்ளர் கொண்டுவந்தார்.
வைத்த பிறகுதான் கவனித்தார்.
எடுக்க வந்த கையிடம் இருக்கட்டும் என்றேன்.
எலுமிச்சை விதைகளை அதில் போட்டேன்.

கை கழுவும் இடம் படி வளைவில்.
அங்கிருந்து கீழ்க்கூடம் முழுக்கத் தெரியும்.
தனசீலன்.
வக்கீல் சொன்னதற்காகப் போட்ட அதே வெள்ளைச் சட்டை.
நின்றுகொண்டிருக்கிறான்,
கீழே பாதி மேசைகளுக்கு நாற்காலி கிடையாது.
ஒரு குவார்ட்டர், ஒரு மசாலா கடலை.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.
பதினொரு வருஷம் ஒரே நேரத்தில் பசித்தவர்கள்,
பக்கத்தில் இருந்ததும் ஒரே கடை.

கடலையிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கி
தட்டின் வலது விளிம்பில் குவிக்கிறான்.
பச்சை வெங்காயம் அவனுக்கு ஆகாது.
ஆனாலும் வெங்காயம் வேண்டாமென்று
எந்தக் கடையிலும் அவன் சொன்னதில்லை.
எனக்குப் பிடிக்கும்.
வி.வி.புரம் தள்ளுவண்டி, மெஜஸ்டிக் பானிபூரி,
அவன் தங்கை கல்யாணப் பந்தி,
எங்கும் அந்த விளிம்பு என் பக்கம் வரும்படிதான்
இடம் பிடிப்போம்.
சண்டை போட்ட நாட்களிலும்.

குவியல் வளர்ந்துகொண்டே போகிறது.
வலது பக்கம் இப்போது நிற்பவர்
பஸ் கண்டக்டர் போலிருக்கிறது,
ஆஃப் பாயிலில் மிளகு தூவிக்கொண்டிருக்கிறார்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.
பின்னால் ஹெல்மெட் பெண்
"அக்கா, ஆய்த்தா?" என்றாள்.
ஆச்சு என்று நகர்ந்துகொண்டேன்.

வைத்த இடத்தில் பீர் சூடேறியிருந்தது.
ஆறப்போட்டால் ஆறாத பொருட்களும் இருக்கின்றன.
என் தட்டில் வெங்காயம் குறைவாகத்தான் இருந்தது.
ஒரு தட்டுக்கு அவ்வளவுதான் வரும் போல,
இத்தனை நாள் கணக்குத் தெரியவில்லை.

பில் வந்தது. மேசை எஃப் 2, நபர்கள் 2.
விரலை வைத்துக் காட்டினேன்.
"கம்ப்யூட்டர், மேடம். ஃபேமிலின்னா
ரெண்டு போட்டாதான் எடுக்கும்."

"இறங்க வேற படி இருக்கா?"
"இல்ல மேடம். ஒந்தே."

சற்று நேரம் மீனில்லாத தொட்டியைப் பார்த்தேன்.
பில்லைத் திருப்பிக் கொடுத்து
ஒரு மொசரன்னம் சொன்னேன்.

"ஈருள்ளி?" என்றார்.
நிறைய, என்றேன்.