போத்தலுக்குள் ரெண்டு கட்டி

றிஸ்மியா மிஸ் கொண்டுவந்தது பெரிய சாமான் ஒண்டுமில்ல.
ஜாம் போத்தல் ரெண்டு,
நுளம்புவலைத் துண்டு ரெண்டு.
உன்னிச்சைக் குளத்துத் தண்ணிய
வாய்மட்டத்துக்கு நிரப்பி
என்ட மெசின்ட பொனட்டுல வச்சா.

ஒரு கட்டி நான் உழுத சேனைக்குள்ள எடுத்தது.
மற்றது யானைவேலிக்குக் கீழ.
அவடத்த ஒரு பாகம் அகலத்துக்குக் கலப்பை போகாது,
கரண்ட் கம்பி.
பன்னிரண்டு வருசமா அதில
புல்லு முளைக்கும், புல்லு சாகும்.

ரெண்டும் ஒரே சிவப்பு.
காஞ்சு, கொட்டைப்பாக்களவு.
வலையில வச்சு இறக்கிப்போட்டு
கைபோனப் பார்த்து எண்ணினா.

என்ட கட்டிதான் முதல்ல மூச்சு விட்டது,
பொடிப்பொடிக் குமிழியா.
மறுகா ஓரம் உதிர்ந்தது.
மறுகா நடு.
ஒண்டரை நிமிசத்தில
வலையில ரெண்டு பருக்கைக்கல்லும்
அடியில தேத்தண்ணி மண்டிபோல ஒரு கலங்கலும்.

நேசமலரக்கா என்னப் பார்க்கல.
அதுதான் கூடச் சுட்டது.

பாவற்கொடிச்சேனையில எல்லாரும்
என்னத் தேடி வாறது ஏனெண்டா
நான் உழுதா மண் மா.
நாலு சால், ரொட்டவேற்றர் போட்டு.
சோளன் போடப் போற பொம்பிளையள்
அரிச்ச மாவுக்குள்ள கால் வைக்கிற மாதிரி எண்டுவாங்க.
ஒரு கட்டி கிடந்தாலும்
திரும்பி வந்து உடைச்சிட்டுத்தான் போவன்.
அது என்ட கெட்டித்தனம்.

கார்த்திகை மழை அந்தக் கெட்டித்தனத்த
ஒரு ராவில கூட்டி அள்ளிச்சு.
விடிய வந்து பார்த்தா
நிலமெல்லாம் மெழுகிவிட்ட மாதிரிப் பொருக்கு.
அதுக்குக் கீழ சோளன் முளை,
முதுகு வளைஞ்சு, மண்டையால முட்டி, மஞ்சளா.
ஒவ்வொரு பருக்கைக்கல்லும்
தனக்கெண்டு ஒரு மண்தூணுக்கு மேல நிண்டது,
சுத்தியிருந்ததெல்லாம் போனது தெரியாம.
போனது வாய்க்காலுக்குள்ள.
வாய்க்காலுக்கு அங்கால குளம்.

மழை பொல்லாத மழை எண்டன் அண்டைக்கு.
நேசமலரக்காவும் ஓம் எண்டா.
மழைக்கு வாயில்ல.

மற்றப் போத்தல்?
தேத்தண்ணி குடிச்சு முடிஞ்சு
பிளேன்டிக் கோப்பையும் கழுவி வந்தாச்சு,
அந்தக் கட்டி கிடந்தபடி கிடக்கு.
மிஸ் வெயிலுக்குத் தூக்கிப் பிடிச்சா.
தலைமயிர விட மெல்லிசா வேர்,
வேர விட மெல்லிசா வெள்ளைப் பூஞ்சணம்,
மண்புழு பூசிவிட்ட பசை.
"இதெல்லாம் தையல்" எண்டா.
"நீங்க உழ உழ நூல் அறுது தம்பி.
முதல்ல பிடி போகும்,
மண் பிறகுதான் போகும்."

யானைக்குப் பயந்து விட்ட நிலம்.
பயத்தில தப்பிச்சது ஒரு பாகம்.

"அப்ப வாற மாரிக்கு ஒரு சால் காணுமா மிஸ்?"
நேசமலரக்கா கேட்டது அவவ.
காசு போறது எனக்கு.
நாலிலிருந்து மூண்டக் கழிச்சுக்கொண்டு நிண்டன்.
லீசிங்காரன் பதினெட்டாந்தேதி வருவான்,
அவனுக்குப் பூஞ்சணம் விளங்காது.

சோளன் தட்டைய எரிக்கவேணாம்,
பரப்பிவிடுங்க எண்டா மிஸ்.
தட்டைக்குள்ள சுத்தினா பிளேட் சிக்கும் எண்டன்.
"அப்ப சுத்தாதீங்க."
அவ சிரிச்சா. நேசமலரக்காவும் சிரிச்சா.
நான் ஓம் எண்டும் சொல்லல.

பின்னேரம் மெசினக் கழுவ
குளக்கட்டுக்குக் கீழ இறக்கினன்.
பின்சில்லுப் பல்லுக்குள்ள இறுகிக் கிடந்த மண்
உள்ளங்கையளவு,
கழண்டு தண்ணிக்குள்ள விழுந்தது.
தண்ணி தெளிவு. அடி தெரியுது.
ஒரு குமிழி வந்தது.

கைபோன் வீட்டில.
வாயால எண்ணத் தொடங்கினன்,
ஒண்டு,
ரெண்டு