செவ்வாய்

டுலூத்தில் ஏரிப்பனி இன்னும் உருகவில்லை.
ஐந்து பல்கலைக்கழகங்களில்
இரண்டு வருந்திவிட்டன,
மூன்று வாய் திறக்கவில்லை.

பக்கவாதத்துக்குப் பின்
ஆர்விட் லிண்டுக்கு மிஞ்சியது ஒரே சொல்.
காபிக்கும் செவ்வாய்,
கால்வலிக்கும் செவ்வாய்,
மனைவியின் படத்தைத் தொட்டுக்
கொஞ்சம் தாழ்ந்த குரலில்
செவ்வாய்.

பேச்சுப் பயிற்சியில் நான் வெறும் உதவியாள்,
பட அட்டை அடுக்குபவள்.
அவர் சொல்லைத் தேடும்போது
எடுத்துக் கொடுக்கக் கூடாது,
பத்துவரை எண்ண வேண்டும்.
எண்ணுவேன்.
மேசைக்கடியில் கட்டைவிரல் மட்டும்
மின்னஞ்சலை இழுத்து இழுத்துப் பார்க்கும்.

இன்று, வியாழன், ஒன்று வந்தது:
காத்திருப்போர் பட்டியல்,
பதினேழாம் இடம்.

அவர் வாத்துப் படத்தைக்
கவிழ்த்து வைத்தார்.
என் முகத்தையே பார்த்து,
"செவ்வாய்?"

எனக்கும் சொல் வரவில்லை.
அவர் எடுத்துக் கொடுக்கவில்லை.

எட்டில் சொன்னேன்,
"செவ்வாய்."