எந்தக் கவுன்டர்

முதல் வீடியோ எடுத்ததே கோபத்தில்தான்.
பத்தரமுல்லையில் நாலு மணித்தியாலம் நின்று
பிழையான வரிசை என்று திருப்பி அனுப்பப்பட்டு
177இல் ஜன்னலோரம் இருந்தபடி
போனுக்குச் சொன்னேன்:
"பாஸ்போட்டுக்குப் போறவை, கீழ நிக்காதேங்கோ.
முதல்ல கேளுங்கோ, பிறகு நில்லுங்கோ.
நான் நிண்டு பாத்திட்டன்."

கொள்ளுப்பிட்டியில் இறங்கும்போது
மூன்று பேர் பார்த்திருந்தார்கள்.
ஒன்று என் தங்கச்சி.
ஒன்று நானே.
மூன்றாவது, மஸ்கெலியா இன்பராசா:
"நன்றி அக்கா. நாளைக்கி நாங்க வாறோம்."

இரண்டாவது வீடியோ அவனுக்காக.
எந்தத் தரிப்பில் இறங்குவது,
போட்டோக்கொப்பி ரோட்டைக் கடந்தால் பாதி விலை,
பசித்தால் எந்தக் கடையில் பருப்பும் சோறும்,
யாரிடமும் வெட்கப்படாமல் கேட்க ஒரு வசனம்:
மேக்க மொன கவுன்டர் எகட்டத?
அவன் அதைத் தமிழில் எழுதி
உள்ளங்கையில் வைத்திருந்த படத்தை அனுப்பினான்.
மை வியர்வையில் கரைந்து
'மொன' மட்டும் மிஞ்சியிருந்தது.

பிறகு பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் ரிப்போர்ட்,
மஹரகம ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறவர்
இரவில் எங்கே தலை சாய்க்கலாம் என்பது.
இதை எடுத்த அன்று
நான் பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை.
அதுதான் இருபதாயிரம் பேரைக் கொண்டுவந்தது.

வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு பெண்
கத்தரிக்காய்ப் பையைக் கீழே போட்டுவிட்டு
என் கையைப் பிடித்தாள்:
"நீங்க கவுன்டர் அக்காதானே?"
சுலோஜினி என்ற பெயரை
அதன்பிறகு வாடகைக் கொப்பி மட்டும்தான் அறியும்.

அனெக்ஸில் கூட இருக்கும் டெனிஷியா
வட்ட லைட் ஒன்று வாங்கி வந்தாள்.
"முதல் மூண்டு செக்கனில ஆளைப் பிடி,
இல்லாட்டி விரல் தள்ளிவிட்டிடும்."
பிடித்தேன்.
மூச்சு விடும் இடமெல்லாம் வெட்டினாள்.
இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம்.
பற்பசை ஒன்று பேசச் சொல்லிக் கேட்டது,
பேசினேன், வாடகை கட்டினேன்.

ஒருநாள் யாரோ ஒரு வாத்தியார்
என் சிங்களத்தைப் பகிடி பண்ணினார்.
பகிடி சரிதான், நானும் சிரித்தேன்.
ஒரு மணித்தியாலத்தில் நானூறு பேர்
அவர் பள்ளிக்கூடத்தையும்
வீட்டு வாசலில் நின்ற சைக்கிளையும்
கண்டுபிடித்துவிட்டார்கள்.
"அக்கா, நாங்க இருக்கிறம்" என்றார்கள்.
வேண்டாம் என்று எழுதினேன்.
அந்த வேண்டாமுக்கும் ஆறாயிரம் இதயம்.
விடியும்வரை போனைக் குப்புற வைத்திருந்தேன்.
ஓரங்களில் வெளிச்சம் கசிந்துகொண்டே இருந்தது.

அந்த நானூறில் அவன் இருப்பானோ என்றுதான்
பெயர் பெயராய்த் தேடினேன்.
இல்லை.
அதற்கு முன்னும் இல்லை.
ஏழு மாதமாக எதன் கீழும் இன்பராசா இல்லை.
இரண்டு லட்சம் பேர் வந்த சத்தத்தில்
ஒருவன் எழும்பிப் போனது கேட்கவில்லை.

எழுதினேன்: "தம்பி, சுகமோ?"
ஒன்பது நாள்.
மறீன் டிரைவில் ரயில் போகும் சத்தத்துக்குள்
பதில் வந்தது:
"சுகம் அக்கா. போன் இப்ப அம்மா கையில.
அவங்களுக்குத்தான் ஐடென்டிட்டி காட் எடுக்கணும்.
ஒங்க வீடியோவ ரெண்டு தடவ போட்டுப் பாத்தாங்க.
ரொம்ப வேகமா பேசுறீங்களாம்.
வெச்சிட்டாங்க."

அடுத்த நாள் லைட்டும் இல்லை, டெனிஷியாவும் இல்லை.
177. அதே ஜன்னல், கண்ணாடியில் புது வெடிப்பு.
முதல் மூன்று செக்கனில்
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நாலாவதில் கொண்டக்டர் மிச்சக் காசு தந்தார்,
எண்ணி வைத்தேன்.
அன்றைக்கு எண்ணூறு பேர் போனார்கள்.

வாசல் பலகையின் முன்னால் போனை உயர்த்திப் பிடித்தேன்.
"எழுத்துச் சின்னன் அம்மா.
நில்லுங்கோ,
கிட்டப் போய் வாசிக்கிறன்."