கூலர் பழுது பார்ப்பவன்

ஜூன் பிறந்தால் எனக்கு அறுவடை.
வருஷம் முழுக்க மறந்துபோன கூலர்
தெஹ்ரானில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் நினைவு வரும்.
நஸ்தரன் சந்தின் நாற்பத்தோரு மொட்டைமாடிகளும்
எனக்கு உள்ளங்கை ரேகை.
எந்த ஏணியில் மூன்றாம் படி ஆடும்,
எந்தத் தொட்டியில் உப்பு பூக்கும்,
தடைசெய்த டிஷ்ஷை யார்
கூலருக்குப் பின்னால் ஒளித்திருக்கிறார்கள்,
எல்லாம் தெரியும்.
யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் மூன்று மணி நேரம் நின்றோம்.
வரிசை முசுக்கட்டை மரத்தடியில் வளைந்து போயிற்று.
விழுந்த பழம் மிதித்துச் செருப்பெல்லாம் கறை.
திரும்பி வந்ததும் மகள் கொல்நூஷ்
என் விரலை முகர்ந்து பார்த்து
'இது பழமா, மையா?' என்றாள்.
மை, என்றேன். லேசில் போகாது.

பெட்டி மூடிய கை ஈரம் காய்வதற்குள்
டிவியில் எண் வந்துவிட்டது.
கூலரின் மூன்று திண்டுக்கும் மரச்சுருள் மாற்றவே
எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.
கோடிக்கணக்கில் காகிதம்,
ஓர் இரவு கூடவா வேண்டாம்?
'முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்,
அதுவும் சோறே இல்லாத தட்டில்'
என்று சொல்லிவிட்டு மனைவி
அடுப்பை அணைக்க மறந்துபோனாள்.

மாலை மைத்துனன் ஹெஷ்மத்
மிட்டாய்ப் பெட்டியோடு வந்தான்.
ஜெயித்தவருக்குப் போட்டவன் அவன்.
மனசாரப் போட்டவன்.
அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பணம் வந்ததும்
அவன் ஊருக்குத் தார் ரோடு வந்ததும் பொய்யா?
ஒன்றை எடுத்துக்கொண்டேன்.
குங்குமப்பூ வாசம்.
வாயில் போடவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல்
உள்ளங்கையிலேயே உருகிற்று.
அவன் என் விரலைப் பார்த்தான்.
நான் அவன் விரலைப் பார்த்தேன்.
ஒரே ஊதா.

திங்களன்று பெருஞ்சாலையில் போனோம்.
கத்தக்கூடாது என்று யாரோ சொல்லி
யாரோ கேட்டு
லட்சம் பேர் வாய் மூடி நடந்தால்
செருப்புச் சத்தம் மழை மாதிரி இருக்கிறது.
அட்டையில் எழுதியவர்கள் ஒரே கேள்வியைத்தான் எழுதியிருந்தார்கள்.
என் ஓட்டு எங்கே.
தையற்காரர் எஸ்கந்தர் மட்டும்
அதைத் துணியில் தைத்துக் கொண்டுவந்திருந்தார்.
ஒரு பிசிறு இல்லை.

பிறகு இரவுகள்.
பத்து மணிக்கு ஏதோ ஒரு மாடியில்
முதல் குரல்: அல்லாஹு அக்பர்.
இன்னொன்று. அப்புறம் எங்கிருந்தெல்லாமோ.
இருட்டில் முகம் தெரியாது.
எனக்கோ ஏணி தெரியும்.
அது பல் டாக்டர் மாடி.
இது திருமதி தாஹிரி, தொழுகைப் பாயை விரித்தே பார்த்திராதவள்,
அடித்தொண்டையிலிருந்து ஆண்டவனைக் கூப்பிடுகிறாள்.

வியாழனன்று
சட்டையை வெளியே விட்ட இளைஞன் ஒருவன் வந்து
'எங்கள் ஆபீஸில் கூலர் ஓடவில்லை' என்றான்.
பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான்.
பம்ப்பில் ஒரு குப்பை, அவ்வளவுதான். எடுத்துப்போட்டேன்.
டீ வந்தது. கற்கண்டும் வந்தது.
'ராத்திரி கத்துவது யார் யார்?
நீ ஏறாத மாடியா?'
'முப்பது வருஷம் மோட்டார் இரைச்சல், தம்பி.
காது மந்தம்.'
அவன் சிரிக்கவில்லை. கூலியையும் கொடுக்கவில்லை.
படியிறங்கும்போது
முதுகில் சொன்னான், மெதுவாக:
'உன் மகள் பேர் கொல்நூஷ்தானே?'
என்ன, என்று திரும்பினேன்.
திரும்பியிருக்கக் கூடாது.

அன்றிரவு நாற்பது டிகிரி தணியவே இல்லை.
பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
சந்தில் கூலர்கள் நின்றன,
ஒன்று, அப்புறம் இரண்டு,
அப்புறம் கொத்தாக.
பழுதில்லை. எனக்குத் தெரியும்,
எல்லாம் என் கைபட்டவை.
அணைக்கிறார்கள்,
குரல் கேட்கவேண்டும் என்று.

மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
பிடித்தபடியே கூட ஏறி வந்தாள்.

ஹெஷ்மத் வீட்டுக் கூலர் மட்டும்
ஓடிக்கொண்டிருந்தது தனியாக.
அதன் பெல்ட் கிரீச்சிடுகிறது.
நாளை போய் இறுக்க வேண்டும்.