பார்த்தபடி

முதல் தடவை போனது ஒரு ஞாயிறு, பதினொரு மணி.
வெயிலையும் வாடகைக்கு எடுத்து வந்தவர்போல்
வாசலில் நின்றார் தரகர் பிராக்ஹோஃப்.
பெண்பார்க்கும் நாள் மாதிரி உள்ளே கேக் வாசம் வேறு.
சமையலறை ஜன்னலைத் திறந்தார்.
நகுலேஸ்வரன் அதற்குள் விழுந்துவிட்டார்.

பதினேழு வருடம் மூன்றாம் மாடியில்
அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துத் தேத்தண்ணீர் குடித்தவர்
ஒரு செர்ரி மரத்தைக் கண்டால்
விலையை எங்கே பார்க்கப்போகிறார்?

வீடு வடிவுதான், பொய் சொல்லக்கூடாது.
மரப்படி, நீல ஓடு பதித்த குளியலறை,
ஆரணிக்கென்று பூட்டக்கூடிய கதவோடு ஒரு அறை.
"இன்னும் இரண்டு குடும்பம் கேட்கிறது" என்றார் தரகர்.
எப்போதும் இரண்டு குடும்பம்.
ஹாகன் நகரமெங்கும் எங்களுக்கு முன்னால்
வீடு பார்த்துக்கொண்டே திரிகின்றன.

நிலவறைக்கு நான் மட்டும் இறங்கினேன்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை எனக்கு.
மடித்து வைத்த ஈரம் எப்படி மணக்கும் என்று
என் மூக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
சுவர் வெள்ளை. புது வெள்ளை.
என் நெஞ்சளவுக்கு மட்டும்.
அதற்கு மேலே முப்பது வருடத்துப் பழுப்பு.
பாதிச் சுவருக்கு எவன் பூச்சடிப்பான்?
மின்பெட்டி எனக்கு எட்டாத உயரத்தில்.
பழைய பெட்டி இருந்த நான்கு ஆணித்துளை
என் இடுப்பளவில், அடைக்க மறந்தபடி.

மேலே வந்து சொன்னேன்.
"நீ எதிலும் ஓட்டை தேடுகிறவள்" என்றார்.
நான்கு ஓட்டை, நான் தேடவில்லை என்றேன்.

அந்த இரவு கடைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் கணக்கு.
வங்கி தருவது. சீட்டுக்காசு. மச்சானிடம் மாறுவது.
வரி, நோட்டரி, தரகர் கூலி எதையும் எழுதவில்லை.
அதற்கெல்லாம் வங்கி தராது என்று
ஆரணி வாசித்துச் சொன்னாள்.
அவர் பற்றுச்சீட்டைத் திருப்பி
அரிசி விலைக்கும் பால் விலைக்கும் நடுவில்
முப்பத்தாறாயிரம் என்று எழுதினார்.
மிகச் சின்ன எழுத்தில்.

செவ்வாய் மழை.
இரவு வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி
அந்தத் தெருவுக்குத் தனியே போனேன்.
பாலத்தடியில் ஃபோல்மே ஆறு
இலையும் கொப்பும் அள்ளிக்கொண்டு போனது.
குப்பைத்தொட்டியை இழுத்து வந்த எதிர்வீட்டுக்காரர்
என்னைப் பார்த்தார், அந்த வீட்டைப் பார்த்தார்,
கையைத் தன் நெஞ்சில் குறுக்கே வைத்துக் காட்டினார்.
எனக்கு ஜெர்மன் அவ்வளவு வராது.
அந்தச் சொல் விளங்கியது.

ஆனாலும் நாள் குறித்தாயிற்று.
ஒப்பந்தம் முழுவதையும் நோட்டரி வாய்விட்டு வாசிக்கவேண்டும்,
இங்கே சட்டம் அது.
கலியாண மந்திரம்போல் வாசித்தார்,
கட்டுகிறவனுக்கும் விளங்காத வேகத்தில்.
ஆரணி என் காதுக்குள் தமிழாக்கியபடி வந்தாள்.
"பார்த்தபடி வாங்கப்பட்டது" என்ற இடத்தில்
பள்ளிப்பிள்ளைபோல் கையைத் தூக்கினேன்.

யார் பார்த்தபடி?
இவர் ஜன்னலைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.
தண்ணீர் வந்ததா இல்லையா,
அதையும் எழுதச் சொல்லு பிள்ளை.

விற்கிறவர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

மூன்று நாள் நகுலேஸ்வரன் என்னோடு கதைக்கவில்லை.
நான்காம் நாள் உப்பு எங்கே என்று கேட்டார்.
வீடு அந்த இரண்டு குடும்பத்தில் ஒன்றுக்குப் போனது.
தரகர் அதிலாவது பொய் சொல்லவில்லை.

இப்போதும் சில நாள் வேலை முடிந்து
சுற்றுவழியால் வருகிறார்.
கதவுக்குப் பச்சை அடித்திருக்கிறார்களாம்.
செர்ரி இந்த வருடம் நிறையவாம்.
நிலவறையைப் பற்றி அவர் சொல்வதில்லை,
நான் கேட்பதில்லை.
மழை பலத்தால் மட்டும்
இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஜன்னலுக்குப் போகிறோம்.
எதிரே
அடுத்த வீட்டுச் சுவர்,
நனைந்துகொண்டு.