இரண்டும் சேரக் கூடாது

அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசை,
பரோட்டாக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில்
என் மருந்துக் கடை.
ஆண்கள் என்னிடம் காய்ச்சலுக்குக் கேட்பார்கள்,
மூலத்துக்குக்கூடக் கேட்பார்கள்.
அதற்கு மட்டும்
நான் உள்ளே போகும்வரை நின்று
பையன் சுல்தானிடம் தாடையால் காட்டுவார்கள்
மேல்தட்டை.

மேல்தட்டில் கொசுவர்த்தியும் கணக்கு நோட்டும்தான்.
ஆகவே அடுத்த தெருவுக்குப் போகிறார்கள்.
இல்லையென்றால் பெயர் போடாத அட்டைப்பெட்டியில்
கூரியரில் வருகிறது.

செவந்திலிங்கம், உசிலம்பட்டி வண்டிக் கண்டக்டர்.
மாதம் இருமுறை சீட்டோடு வருவார்,
நெஞ்சு இறுகும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைக்கு.
ஒருநாள் சில்லறைக்குத் தோல்பையைத் துழாவியபோது
டிக்கெட் கட்டுக்கு அடியில் பார்த்துவிட்டேன்:
தங்க மூடி, பின்னங்காலில் நிமிர்ந்த குதிரை.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அந்தக் குதிரையை எனக்குத் தெரியும்.
நூறு சதம் மூலிகை.
'ஆய்வில் நிரூபணம்' என்பதன் தலைமேல் ஒரு நட்சத்திரம்;
நட்சத்திரத்தைத் தேடிக் கீழே இறங்கினால்
எறும்பு எழுத்தில் பதினெட்டுப் பேர், எட்டு வாரம்.
பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட வேறு ஆள் இல்லை.
வெறும் மாவு உருண்டை தந்திருந்தால்
அந்தப் பதினெட்டில் எத்தனை பேர்
தெம்பாக இருக்கிறது என்றிருப்பார்கள்?
யாரும் கேட்கவில்லை.

வேலை செய்யாத டப்பாவுக்கு நான் பயப்படுவதில்லை.
பணம் போகும், போகட்டும்.
வேலை செய்கிற டப்பாதான் பயம்.
அமுக்கராக் கிழங்குக்கு அரைமணியில் அவ்வளவு வேகம் கிடையாது.
டாக்டர் சீட்டுக்கு விற்கிற மருந்தை இடித்து உள்ளே கலந்துவிட்டு
பெயரை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள்.
அதுவும் நாக்கடி மாத்திரையும் ஓர் உடம்பில் சந்தித்தால்
இருட்டில் படி தவறுவதுபோல இறங்கும் ரத்த அழுத்தம்.

இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.
கவுண்டரில் ஆறு பேர்.
ஒருத்தி இடுப்பில் இருமுகிற பிள்ளை.
அவருடைய டிரைவர் வேறு ஹாரனை விடவில்லை.
மாத்திரை உறையின்மேல் பேனாவால் எழுதினேன்:
இரண்டும் சேரக் கூடாது.
அடியில் கோடும் இழுத்தேன்.
படிக்காமல் சட்டைப்பையில் செருகி
விசிலோடு ஓடி ஏறினார்.

பன்னிரண்டாம் நாள் ஒரு பெண்.
கையில் அதே உறை, மடிப்பு நைந்து.
"எழுத்து உங்களுதா? எந்த ரெண்டுங்க?"

வாயைத் திறந்தேன், மூடினேன்.
அவருடைய சங்கதியை நான் யாரிடம் சொல்லலாம்?

அவள் காத்திருக்கவில்லை.
மஞ்சப்பையிலிருந்து குதிரையை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள்.
"இதானே? முப்பதுல பதினொண்ணு மிச்சம். எண்ணிட்டேன்.
செக்கானூரணி தாண்டி ஓடுற வண்டியில கெறங்கி விழுந்துட்டாரு.
பெரியாஸ்பத்திரில மூணு நாளா டாக்டர் கேக்குறாரு,
வேற என்ன சாப்டீக, வேற என்ன சாப்டீகன்னு.
ஒண்ணுமில்லங்கறாரு."
பிறகு குரல் தணிந்து,
"நான் கேட்டேனா இவருகிட்ட?
சொல்லுங்க, என்னைக்காச்சும் நான் கேட்டேனா?"

சுல்தான் அடுக்கிய கொசுவர்த்தியையே
மறுபடி அடுக்கத் தொடங்கினான்.

உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது,
பரிசோதித்தால்தான் தெரியும் என்றேன்.
டப்பாவோடு போய் டாக்டரிடம் காட்டுங்கள்,
நாக்குக்கு அடியில் வைப்பதையும் சேர்த்து,
எதையும் மறைக்காமல்.

குதிரையைத் தலைகீழாகப் பைக்குள் போட்டாள்.
தெருவில் இறங்கியவள் திரும்பி வந்தாள்.
"அந்தக் கவரக் குடுங்க.
எனக்கு அவருகிட்டப் பேச வராது.
இதக் காட்டிருவேன்."