ஓசன்னாவின் நா

ஜார்ஜியாவின் மலைச்சரிவில் பனை முளைப்பதில்லை.
குருத்தோலை ஞாயிறன்று அவர்கள் கையில்
ப்ஸா என்னும் குட்டை மரத்தின் கிளை,
நகக்கண் அளவே இலைகள்.
சில வருடங்களாக அதையும்
ஓர் அந்துப்பூச்சி தின்று தீர்க்கிறது.

மூன்றே குச்சிகளோடு வந்தாள் ம்ஸேவினார்,
பாடகர் வரிசையின் தாழ்குரல்.
பிப்ரவரியில் அவள் கணவனை
நிலக்கரிச் சுரங்கம்
பத்தொன்பது மணி நேரம் வைத்திருந்து
திருப்பிக் கொடுத்தது,
ஒரு காலை மட்டும் பிடித்துக்கொண்டு.

புண்ணுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில்
கட்டுத்துணி எண்ணியபடியே
அப்ராம் க்ரிஹேலி சொன்னான்:
நீங்கள் பாடுவது எங்கள் சொல்.
கூடாரப் பண்டிகையின் ஏழாம் நாள்
ஆற்றலரிக் கிளையைத் தரையில் அடித்து
இலை உதிர உதிரக் கேட்போம்.
ஹோஷியா, காப்பாற்று.
நா, அதற்குத்தான் பொருள் சொல்ல வராது.
தயவுசெய்து என்கலாம். இப்போதே என்கலாம்.
சட்டையைப் பிடித்து இழுக்கிற சத்தம் அது.
மொத்தம் முப்பத்தாறு லாரி.

அப்படியானால் இதில் புகழ் எங்கே என்றாள்.
அவன் தோளைக் குலுக்கினான்,
மீதிச் சில்லறை தந்தான்.

பேருந்து வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்க
அவளுக்குப் பிடிபட்டது:
எவரோ கத்தியிருக்கிறார்கள்.
எவரோ வந்திருக்கிறார்.
வந்தவரைக் கண்டபின்
வாய் வேறு சொல் தேடவில்லை.

சுரங்க வாசலில் அவளும்
ரேவாஸ் என்றுதான் கத்தினாள்,
இரவு முழுக்க, தொண்டை கிழிய.
தூக்குப்படுக்கை வெளிச்சத்துக்கு வந்தபோதும்
ரேவாஸ் என்றுதான்.

(என் மொழிக்கு இது புதிதல்ல.
பூத்தூவிப் போற்றி போற்றி என்கிறோம்;
போற்று என்றால் காப்பாற்று என்று
பழைய உரைகளில் கிடக்கிறது.
நான் அகராதியை மூடிவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.)

ஞாயிறு. மெழுகுப் புகை.
ஓசானா, ஓசானா.
மூன்றாம் முறை
நடத்துகிறவரின் கை தாழ்ந்துவிட்டது,
மற்றக் குரல்கள் இறங்கிவிட்டன.
அவள் அந்த நாவை இன்னும் விடவில்லை.
தப்பான இடத்தில் நீண்டது,
அழகாகவும் இல்லை.

கோயிலின் பின்வரிசையில்
ஊன்றுகோல் ஒன்று வழுக்கிக்
கல்தரையில் விழுந்தது.
யாரும் திரும்பவில்லை.
அவள் மட்டும்
பாட்டை நிறுத்தாமலே திரும்பினாள்.